உட்காராத ஜெனோ

தோஹா

அன்புள்ள ஹில்டாவுக்கு,

மாதா துணையால் நலமாக இருக்கிறேன். உன் முட்டுவலி எப்படி? போனில் என்றால் கத்திவிடுவேன். அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

அந்தோணியார் திருநாளுக்கு எங்கள் லேபர் கேம்பில் படிப்பைப் பற்றி ஒரு நாடகம். பத்தாவதை இரண்டு தடவை எழுதிய நான்தான் டைரக்டர், சிரிக்காதே. நடிப்பவர்கள் இரண்டே பேர். செந்தூர்வேல் ஹெட்மாஸ்டர். நம் திரேஸ்புரத்து ஜெனோ, மகளுக்கு பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் கேட்டு வரும் தகப்பன்.

ஜெனோ நேரே வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும். அவனோ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டி நிற்கிறான். ஆறு தடவை சொல்லியும் நின்றான்.

“ஏலே, சேரு ஒனக்குத்தாம்ல போட்டிருக்கு. உக்காந்தா ஒடஞ்சா போவும்?”

“நீரு உக்காந்தீராக்கும்? ஒம்ம மவ ஷெர்லினுக்குக் கேக்கப் போனப்போ நானும்தான கூட வந்தேன்.”



போன மாதம் நானும் ஜெனோவும் லீவில் வந்தபோது, “கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு? தையல் படிக்கட்டும்” என்றாரே அந்த ஹெட்மாஸ்டர். மார்க் சீட்டில் கணக்குக்குத் தொண்ணூற்றாறு இருந்தது. நான் நின்றபடியே “சரிங்க சார்” என்றேன். நன்றி வேறு சொன்னேன். நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

அட்மிஷன் இன்னும் முடியவில்லை. திங்கட்கிழமை நீ போ. செருப்பைக் கழற்றாதே. மார்க் சீட்டை மேசையில் வை. அவர் சொல்லாவிட்டாலும் நாற்காலியை இழுத்து உட்கார்.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் சீலாக் கருவாடு கொடுத்துவிடு. தனியாகச் சாப்பிடச் சோறு இறங்கவில்லை.

டியூட்டி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். ஒன்று மட்டும், ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டால் முட்டுவலி என்று சொல்லிவிடாதே.

உன்
ஆன்டனி