ஞாயிறு காலை விசாரணை

கிள்ளான், புதன்கிழமை

அன்புள்ள அம்மாவுக்குத் தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே சபையிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு நான் வருவதில்லையாம். அதற்கான விசாரணையையும் ஞாயிறு காலையிலேயே வைத்தார்கள். சாப்பாட்டுக் கடையில் ஞாயிறு லீவே கிடையாது என்று மூப்பரிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். வராதவன் என்று எல்லார் முன்னாலும் பெயரை வாசித்து நீக்கினார்கள்.

அன்று மதியமே மூப்பர் குடும்பத்தோடு எங்கள் கடைக்குச் சாப்பிட வந்தார். இலை போட்டது நான்தான். "தம்பி, ரசம் கொஞ்சம் ஊத்து லா" என்றார், இந்த ஊர்ப் பேச்சில். காலையில் நான் விசாரணைக்கு வந்திருந்தால் இப்போது யார் ஊற்றுவார் என்று கேட்க வாயெடுத்தேன். முதலாளி பார்த்தார். ரசத்தை ஊற்றினேன்.

என் பாட்டுப் புத்தகத்தை அனுப்புங்கள். இனி அறையில் தனியாகப் பாடிக்கொள்கிறேன். கூட்டம் வருகிறது, போகிறேன்.

உங்கள் மகன்,
செல்வின்