கூரஸ் ஊர்ப் பெரிய மேளம்

ஜூலை 26, திங்கள். நோபல் பார்க், மெல்பேர்ண்.

கடும் குளிர். கார்க் கண்ணாடியில் உறைபனி. நாளை புறப்பாடு! பெட்டியில்: கம்பளிச் சட்டை இரண்டு, மிளகாய்த் தூள், கில்ட்.

எல்லாம் பக்கத்து வீட்டு டங்கனால். கார்த் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர், இப்போது ஓய்வு. பேக்பைப் குழல் ஊதும் குழு ஒன்று நடத்துகிறார். அவர்களின் பெரிய மேளக்காரருக்கு முதுகு பிடித்தபோது வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டார்: "சிவா, தாளம் தப்பாமல் அடிப்பியா?" விளையாட்டாகத் தலையாட்டினேன். இப்போது குழு முழுவதும் ஸ்கொட்லாந்தில் அவர் பிறந்த ஊருக்கு, சனிக்கிழமைப் போட்டிக்கு. இளவயதில் கப்பலேறியவர் இதுவரை திரும்பிப் போகவில்லை. "முதலும் கடைசியும் இதுதான்" என்கிறார்.

மனுசி ராணி, கில்ட்டை மடித்தபடி ஒரே சிரிப்பு. "உந்தப் பாவாடையோட எங்கட ஆக்கள் ஆரும் கண்டாலும்!"

"அங்க ஆரப்பா எங்கட ஆக்கள்?"

"எங்கட ஆக்கள் இல்லாத இடம் எங்க இருக்கு?"

ஜூலை 29, வியாழன்.

வந்து சேர்ந்தோம்! தூக்கம் இல்லை, அலுப்பும் இல்லை. ஊர்ப் பெயரை எழுதுவது குல்ரொஸ், சொல்வது கூரஸ். எழுதியபடியே வாசித்துக் கேட்டேன். பஸ்காரர் தலையைச் சொறிந்தார்.

கடற்கழி ஓரத்தில் குட்டி ஊர். சிவப்பு ஓட்டு வீடுகள், ஒன்று ஒரு பக்கம் சாய்ந்து, மற்றது மறுபக்கம். மஞ்சள் பூசிய பழைய மாளிகை. மேட்டில் இடிந்த மடம். எதிர்க்கரையில் எண்ணெய் ஆலையின் புகைபோக்கிகள், உச்சியில் நெருப்பு. டங்கன் சுவர் சுவராகத் தொட்டுப் பார்க்கிறார்.

நானும் அவரும் தங்குவது மிஸ் மக்கி என்ற ஊர்க்காரியின் வீட்டில். எழுபது இருக்கும், தனிக்கட்டை. சம்மதம் சொல்ல, எங்கள் 'ஓம்' போல இவர்களுக்கு 'ஐ'. இரும்புத் தட்டில் ரொட்டி சுட்டுத் தந்தார். தோசைக்கல்லேதான், மேலே ஒரு வளைந்த பிடி மட்டும் கூட! முந்தி இந்த ஊர்க் கொல்லர்கள் செய்து நாடெங்கும் விற்றார்களாம். ராணிக்கு ஒன்று வாங்க வேண்டும்.

ஒரே குறை: மேளம் வந்து சேரவில்லை. சிங்கப்பூரிலோ லண்டனிலோ நின்றுவிட்டதாம்.

ஜூலை 30, வெள்ளி. தூறல்.

மேளம் திங்கள்தான் வருமாம். மேளம் இல்லாத குழுவைப் போட்டிக்கு எடுக்கமாட்டார்கள். டங்கன் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. மிஸ் மக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேல அறையில அப்பாவின்ர மேளம் இருக்கு" என்றார். ஊர்க் குழுவில் அப்பா அடித்தது. குழு கலைந்து, அப்பாவும் போய், கனகாலம்.

டங்கன் கதிரையை விட்டு எழுந்தேவிட்டார்.

"பொறு. ஆரையும் தொட விட்டதில்லை." மிஸ் மக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். "முதல் அடிச்சுக் காட்டு."

தூசி தட்டி, ஈரத்தில் தளர்ந்த தோலைக் குசினி அடுப்பருகே காயவைத்து, கயிறுகளை இறுக்கினோம். டங்கன் ஊத, நான் அடிக்க, மிஸ் மக்கி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கோப்பை கழுவினார். பாட்டு முடிந்தும் திரும்பவில்லை.

"கொண்டு போ. தோலைக் கிழிச்சால் இந்தப் படி ஏறாதே."

டங்கன் என்னைக் கட்டிப்பிடித்ததில் மூச்சு முட்டிவிட்டது.

ஜூலை 31, சனி.

எதை முதலில் எழுத!

திடலில் ஊரே கூடியிருந்தது. மேளத்தின் முகத்தில் கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயர். அதைச் சுமந்தபடி, கில்ட் கட்டிய யாழ்ப்பாணத்துக் கறுவல் ஒருவன். முதலில் எல்லோரும் எழுத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒரு கிழவர் "கூரஸ்!" என்று கத்தினார். உடனே எல்லோரும். மெல்பேர்ணிலிருந்து வந்த எங்களுக்கு! நடுவில் குழல்கள் பிசகின. நான் தப்பவில்லை. தப்பவேயில்லை!

கடைசிக்கு முந்திய இடம். ஒருவருக்கும் கவலையில்லை.

பிறகு ஊர்வலம். கல் பாவிய ஒழுங்கை, நடுக்கற்கள் மட்டும் சற்று உயரம். முந்தி பெரிய மனிதர் மட்டும் அதில் நடப்பார்களாம், மற்றவர்கள் ஓரத்துச் சேற்றில். இன்று அதில் நானும் மேளமும். தான் பிறந்த வீட்டு வாசலில் டங்கன் நின்று ஒரு பாட்டு முழுவதும் ஊதினார். இப்போது அங்கே இருக்கும் பெண், தலையில் துவாயோடு ஓடி வந்து கைதட்டினாள்.

ராணிக்கு ரெலிபோன்.

"வெண்டிட்டியளே?"

"கடைசிக்கு முதல்!"

"அதுக்கே இந்தக் கத்து?"

ஓகஸ்ட் 1, ஞாயிறு.

வெயில், ஒருவழியாக. திரும்பும் வழியில், வான் வண்டிக்குள் இருந்து எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. ராணிக்கு வாங்கிய தோசைக்கல் பெட்டிக்குள் போகவில்லை, மடியில்.

காலையில் மேளத்தைத் துடைத்து மிஸ் மக்கியிடம் நீட்டினேன். கையில் வாங்கவில்லை.

"அந்தப் பட்டியை என்ர தோளில போடு."

"முந்தி அடிச்சிருக்கிறீங்களா?"

"பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன மேளம் எண்டு அப்பா என்னைக் கிட்டவும் விட்டதில்லை."

மாட்டிவிட்டேன். மேளத்துக்குப் பின்னால் ஆளே தெரியவில்லை. வாசலுக்கு வந்து ஒரு தட்டு. தானே திடுக்கிட்டார். இன்னொன்று. பிறகு இரண்டு கையாலும். தேவாலயத்துக்குப் போனவர்கள் மதிலோரம் நின்றுவிட்டார்கள். "சிவா, வான் வெளிக்கிடுது!" என்று டங்கன் கத்துகிறார். நான் அசையவில்லை. மிஸ் மக்கியும் நிறுத்தவில்லை.