எழுப்ப வந்தவளுக்கு

இன்று காலை தெருமுனையில் சருகு எரித்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் மாதத்துப் புகை மேலே எழும்பாமல் தரையோடு தவழ்ந்து நம் சந்துவரை வந்துவிட்டது. பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தெருக்கூட்டும் பெண்கள் இரண்டு பேர் துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நெருப்பில் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நீ இருந்திருந்தால் மூக்குவரை சால்வையைப் போர்த்திக்கொண்டு அவர்களுக்கு நடுவில் புகுந்திருப்பாய். மராத்தியில் அவர்கள் வீட்டு வம்பையெல்லாம் கிளறியிருப்பாய்.

இந்த மடலை உன்னால் படிக்க முடியாது. இருந்திருந்தாலும் முடியாதுதான். உன் தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்தவர். நீ இங்கே பூனா கட்கியில் பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவள். தமிழ் உனக்கு வாயோடு சரி. ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்த வாரப் பத்திரிகையை நான் படித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து படங்களை மட்டும் பார்ப்பாய். "பூச்சி பூச்சியா கீது, எப்டிடி படிக்கற?" என்பாய். ஆனாலும் எனக்கு எழுத வருவது இது ஒன்றுதான். யாராவது உனக்குப் படித்துக் காட்டட்டும்.

காலை என்றாலே எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும். கல்யாணமாகிக் கோயமுத்தூரிலிருந்து லோஹேகாவ் வந்தபோது தொண்ணூறுகளின் தொடக்கம். இவருக்கு விமானப்படை நிலையத்தின் கிடங்கில் வேலை. ஒரு சம்பளத்தில் பூனாவில் காலம் தள்ள முடியாதென்று ஹடப்சரில் டிவிப் பெட்டிக்குள் போகும் கம்பிச்சுருள் சுற்றுகிற கம்பெனியில் நானும் சேர்ந்தேன். முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் இருட்டோடு வந்துவிடும். முதல் நாள், தூக்கமும் குளிருமாக, பஸ்ஸில் ஏறி உன் பக்கத்தில் உட்கார்ந்து, "அய்யோ, இந்தக் குளுருல மனுசன் பொழைப்பானா?" என்றேன். பஸ் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. நீ என்னை எழுப்பி ஜன்னலோரத்தைப் பிடுங்கிக்கொண்டாய்.

அந்தப் பஸ்ஸின் சட்டம் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. பாதி வழியில் வரும் முண்ட்வா பாலம் தாண்டும்வரை எவளும் எதைப் பற்றியும் குறை சொல்லக் கூடாது. சொன்னால் உட்கார்ந்த இடம் போச்சு. சட்டம் போட்டவள் நீ. "நல்ல பேச்சு பேசு. இல்ல, வாய மூடிக்கினு வா. பாலம் தாண்டட்டும், அப்புறம் அழுவு" என்பாய். மராத்திக்காரிகள், தெலுங்குக்காரிகள், நம்மாட்கள் எல்லோரும் உனக்குக் கட்டுப்பட்டார்கள். ஏறுகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு குட் மார்னிங் வைப்பாய். ரொட்டி எப்படி வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, புடவை புதுசா என்று ஏதாவது ஒன்று கேட்பாய். பாலத்தின் மறுமுனையில் சக்கரம் பட்டதுதான் தாமதம், முதலில் ஆரம்பிப்பவளும் நீதான். உன் மாமியாரில் தொடங்கி, கேஸ் சிலிண்டர், சூப்பர்வைசர், சுண்டுவிரல் வலி என்று ஹடப்சர்வரை ஓயமாட்டாய். அடக்கிவைத்து அழுகிற அழுகையில் ஒரு ருசி இருந்ததை ஒத்துக்கொள்கிறேன். நாள் முழுக்க மெல்லிய கம்பியைச் சுற்றிச் சுற்றிக் கண் பூத்துப்போகும் வேலைக்கு நாம் பாதி சிரிப்போடு போய் இறங்கினோம் என்றால், அந்தப் பாலம்தான் காரணம்.

இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ, கம்பெனி மூடிவிட்டது. ஆர்டர் இல்லை என்றார்கள், கையில் ஒரு கவரைக் கொடுத்தார்கள், வாசலில் பூட்டுப் போட்டார்கள். எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா, இனி விடியற்காலையில் எழ வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. மறுநாள் எழவில்லை. அதற்கு மறுநாளும் எழவில்லை. பிறகு எழ முடியவில்லை. அது சோம்பல் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். இவர் டீ போட்டுத் தட்டால் மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போவார். திரும்பி வரும்போது அது ஆடை கட்டி அப்படியே இருக்கும். தலையைச் சீவி எத்தனை நாளாயிற்று என்று தெரியாது. ஜெட் விமானம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற சத்தத்துக்குக்கூடக் கண் திறக்கவில்லை. இப்படியே கிடந்து போய்ச்சேர்ந்தால்கூடத் தேவலை என்று நினைத்த காலைகள் உண்டு. உன்னிடம் மட்டும்தான் அதைச் சொல்லியிருக்கிறேன்.

அப்போதுதான் நீ வந்தாய். விடிந்தும் விடியாததுமாகக் கதவைத் தட்டி, இவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றாய்.

"இன்னா கோயமுத்தூரு, எய்ந்திரு. பஸ்ஸு வந்துடும்."

"கம்பெனியே இல்லியே புள்ள, எந்த பஸ்ஸு வருது?"

"பஸ்ஸு இல்லன்னா இன்னா, ஸ்டாப்பு கீது இல்ல? சல், மூஞ்சி கழுவு."

"அவ தூங்கட்டும், விடுங்க" என்றார் இவர் பாவமாக.

"தூங்குனது போதும் அண்ணே. நீங்க போயி ஷேவ் பண்ணுங்க" என்று அவரையும் ஒரு அதட்டுப் போட்டாய்.

அன்றிலிருந்து தினமும் நாம் பஸ் வராத ஸ்டாப்பில் போய் நின்றோம். எனக்கு வெட்கமாக இருந்தது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? உனக்கு அந்தக் கவலையே இல்லை. நெருப்பில் கை காட்டுகிற தெருக்கூட்டும் பெண்களிடம் "கஸ காய் மாவ்ஷி?" என்று நலம் விசாரிப்பாய். பேப்பர்காரன், பால்காரன், பள்ளிக்கூட ஆட்டோக்காரன், ஒருவர் விடாமல் ஒரு குட் மார்னிங். வண்டிக்கடையில் அவல் போஹா வாங்கி ஒரு தட்டில் இருவரும் தின்போம். பஸ் வரவேண்டிய நேரம் தாண்டும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம். திரும்பி வந்ததும் நான் மறுபடி படுத்துக்கொண்ட நாட்கள் நிறைய. ஆனால் முகம் கழுவி, தலை சீவி, வயிற்றுக்குள் கொஞ்சம் போஹாவோடு படுத்துக்கொண்டேன். அதுவே அப்போது பெரிய சங்கதி.

ஒரு பனிக்காலையில் பஸ் வந்தது.

நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. மூட்டத்துக்குள்ளிருந்து அதே வெள்ளைப் பஸ், இடதுபக்கம் நசுங்கிய அதே தகரம், ஸ்டியரிங்கில் நாம் காகா என்று கூப்பிடும் அதே டிரைவர். நம்மைப் பார்த்ததும் காகா பிரேக் போட்டார். பிரேக் போட்டதும் நாம் ஏறினோம். அவருக்கும் வருஷக்கணக்கான பழக்கம், நமக்கும் அதே பழக்கம்; மூன்று பேரில் ஒருவருக்கும் மூளை விழித்திருக்கவில்லை. நம்முடைய மூன்றாவது வரிசை காலியாக இருந்தது, போய் உட்கார்ந்துகொண்டோம். பஸ் நிறையச் சின்னப் பெண்கள், கழுத்தில் அட்டை, காதில் ஒயர், அத்தனை பேரும் தூக்கம்.

"இன்னாடி, எல்லாம் புது மூஞ்சா கீது?" என்றாய்.

"புதுசா ஆள் எடுத்துருக்கறாங்களாட்ட இருக்குது" என்றேன் நான்.

எவ்வளவு இயல்பாகச் சொன்னேன் பார்! கம்பெனி மூடியது மறந்தேபோயிருந்தது. பாலம்வரை நல்ல பேச்சே பேசிக்கொண்டு போனோம். பாலம் தாண்டியது. உன் மாமியாரைப் பற்றி ஆரம்பிக்க நீ வாயைத் திறந்தாய். பஸ் நாம் போகிற பக்கம் திரும்பாமல் நேரெதிர்ப் பக்கம் திரும்பியது. திறந்த வாய் திறந்தபடி என்னைப் பார்த்தாய். முன்னால் கண்ணாடியில் காகா நம்மைப் பார்த்து, "அரே தேவா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கம்பெனி மூடியதும் பஸ்ஸை ஒரு கால் சென்டருக்கு ஓட்டத் தொடங்கியிருந்தார்களாம். அந்த நெரிசலில் நடுவில் நிறுத்தவும் வழியில்லை. கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு கட்டடத்தின் வாசலில் அந்தப் பெண்களோடு நம்மையும் இறக்கிவிட்டார். கேட்டில் நின்ற காவலாளி "கார்டு?" என்று கை நீட்ட, நீ இந்தியில், "கார்டு இல்ல தம்பி, ஒரு குட் மார்னிங்தான் இருக்குது, போதுமா?" என்று கேட்டாய். அவன்கூடச் சிரித்துவிட்டான்.

வெளியே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் சிரித்த சிரிப்பு அது. என் சிரிப்பு ஓய்ந்தபிறகுதான் கவனித்தேன், உன் கண்ணில் மட்டும் நீர் நிற்கவில்லை.

"ஏ புள்ள, என்னாச்சு?"

சால்வை நுனியால் மூக்கைத் துடைத்தாய். "எனுக்கும் எய்ந்திரிக்க முடியலடி. கம்பெனி மூடன நாளா அப்டித்தான். எதுக்கு எய்ந்திரிக்கணும்னு கீது. கோயமுத்தூரு கெடப்பா, போயி எழுப்பணும்னு நெனச்சாத்தான் என் கால் கீழ படுது. நீ பாட்டுக்கு எய்ந்துட்டன்னா நான் இன்னாடி பண்ணுவேன்?"

உன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. உன்னைப் பார்த்து இந்தப் பூனாவில் சோர்வே அண்டாத ஒரு பிறவி என்று நினைத்து, உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டிருந்தேன். டவுன் பஸ் பிடித்து இரண்டு பேரும் வீடு வந்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அடுத்த சில மாதங்களில் எனக்குத் தேறிவிட்டது. விமான நிலையச் சாலையில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. ஒன்பது மணிக்குப் போனால் போதும். ஆனால் விழிப்பு மட்டும் இருட்டோடு வந்துவிடும். அப்படியே எழுந்திருக்கலாம்; ஒரு வேலையை முடிக்கலாம். நான் எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். உனக்கு விமான்நகரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. போகிற வழியில் வந்து கதவைத் தட்டுவாய். கால்மாட்டில் நின்று "எய்ந்திரு கோயமுத்தூரு" என்பாய். நான் சோம்பல் முறித்து, முனகி, "என்னைய உட்டுரு புள்ள" என்று ஒருமுறை பிகு பண்ணிக்கொண்டு எழுவேன். இவர் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள், "விழிச்சுத்தானே கெடந்த? அப்பவே எந்திரிச்சா என்ன?" என்று கேட்டார். "அவ வரட்டும்" என்றேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை. வருஷக்கணக்கில் இது நடந்தது.

நீ தட்டிவிட்டுப் போன பிறகு என் நாள் நன்றாகவே போகும். இதற்கு என்ன காரணம் என்று எனக்கு விளக்கத் தெரியாது. இப்போது டிவியில் தினமும் ஒருவர் வந்து சூரியனைப் பார்த்துச் சிரியுங்கள், மூச்சை இழுத்து நன்றி சொல்லுங்கள் என்கிறார். தையலில் என் பக்கத்து மிஷின்காரி புள்ளியும் கோடுமாக ரோஜாப்பூ போட்டு தினம் குட் மார்னிங் மெசேஜ் அனுப்புகிறாள். பார்த்துவிட்டு அழித்துவிடுவேன். எனக்கு ஒருத்தி கட்டிலருகில் வந்து நின்று அதட்ட வேண்டியிருந்தது.

பிறகு உனக்குச் சர்க்கரை ஏறியது. கால் வீங்கியது, விடுதி வேலையை விட்டாய், சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். தட்டுகிற சத்தம் நின்றது. நான் உன் வீட்டுக்கு விடியற்காலையில் வர ஆரம்பித்தேன். முதல் நாள் உன் கால்மாட்டில் வந்து நின்றபோது நீ விழித்துத்தான் இருந்தாய். முகம் உப்பி, உதடு காய்ந்து, ஆளே மாறிப்போயிருந்தாய்.

"யாருடி உன்ன எழுப்புனா?" என்றாய்.

"யாரும் எழுப்பல. நான் இன்னும் தூங்கிட்டுத்தான் இருக்கறேன்" என்றேன்.

"அப்போ இங்க இன்னா பண்ற? போ, போயி படு. நான் வரேன்."

சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாய். முழங்கையை ஊன்றினாய், அதற்குமேல் முடியவில்லை. நான் முதுகுக்குத் தலையணை வைத்தேன். நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நான் வருவதும், நீ "போயி படு, வரேன்" என்பதுமாகவே போயிற்று. கடைசி வாரம் குரல் வரவில்லை. கையை மட்டும் அசைத்தாய்.

மழைக்காலத்தில் போய்விட்டாய். எல்லாம் முடித்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து படுத்தேன். மறுநாள் வழக்கம்போல இருட்டிலேயே விழிப்பு வந்துவிட்டது. எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. பழைய மாதிரி எழ முடியாமல் போயிருந்தால்கூட உனக்குச் செய்த மரியாதையாக இருந்திருக்கும். கையும் காலும் நன்றாக இருந்தன. பசிகூட எடுத்தது. என்னைத் தேற்றிவிட்டு நீ போய்விட்டாய், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அன்றுதான் அழுதேன்.

களைப்பாகத்தான் இருக்கிறது. காலை எனக்கு இன்றும் பிடிக்காது. பிடித்துவிட்டதென்று பொய் சொன்னால் நீயே நம்பமாட்டாய். ஆனால் கண் விழித்தால் உடனே எழுவதில்லை. கொஞ்ச நேரம், தூங்குகிறவள் மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேன். இவருக்குத் தெரியும், டீயைத் தட்டால் மூடிவைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். இன்றைக்கும் கிடந்தேன். முதல் ஜெட் போயிற்று, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது, வெளிச்சம் கால்மாட்டுக்கு வந்தது. நீ வரவில்லை. எழுந்துகொண்டேன்.