வெறும் தாளின் எடை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். என்ன, ஒரு இடத்தில் உட்காரத்தான் முடியவில்லை.

இந்த கான்கிரீட் ஆலையிலிருந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூசு போகிறது என்று தாளில் பிடித்து நிறுக்கிறேன் அல்லவா? கூடவே தூசு படாத வெறும் தாள் ஒன்றையும் நிறுப்போம். அதன் எடை ஏறவே கூடாது; ஏறினால் அன்றைய அளவு எதையும் நம்ப முடியாது. நேற்று அரை மில்லிகிராம் ஏறிவிட்டது.

"காத்தே படாத தாள் எப்படிம்மா கனக்கும்?" என்று மேலாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், காய்ந்த உப்பு.

"வேர்வை சார், சொட்டிடுச்சு" என்றேன்.

அந்த வெறும் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு உன் கடிதத்தைப் படித்தது என் தப்பு. ஒரு நாள் அளவெல்லாம் வீண், நாளை முதலிலிருந்து. கவலைப்படாதே, எனக்குச் சிரிப்புதான் வந்தது.

இரண்டு கைக்குட்டையும் என் கம்பளிச் சட்டையும் அனுப்பு. குளிர் எலும்பு வரை இறங்குகிறது. வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன். இந்தக் குளிரில் எப்படி வேர்த்தது என்று மட்டும் கேட்காதே.

உன் மகள்