அரை மணி கழித்துத் திறக்கவும்

என்னங்க,

ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். ஆய்வுக்கூடத்தில் கூட்டம், மதியம்தான் வருவேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது.

தோட்டத்துத் தர்பூசணிக் கொடியில் நேற்று மாலை உறை மாட்டிய மூன்று பெண் பூக்களும் இன்று விரியும். ஒன்பது மணிக்குள் மகரந்தம் தடவிவிடுங்கள். ஃப்ரீசரில் நீல டப்பாவுக்குள் இருக்கும் குப்பிதான், போன வருஷம் எக்ஸ்-கதிர் காட்டி வைத்த மகரந்தம். காய் பிடிக்கும், விதை மட்டும் வராது. வீட்டு ஃப்ரீசரில் ஒரு வருஷம் தாங்காது என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

எடுத்ததும் திறக்காதீர்கள். குளிர் போக அரை மணி மேஜையில் இருக்கட்டும். அவசரப்பட்டால் உள்ளே வேர்த்து எல்லாம் பாழ். தடவியதும் உறையைத் திரும்ப மாட்டுங்கள், தேனீ நுழைந்தால் கதை கந்தல்.

பி.கு.: எதிர் வீட்டு அக்கா நேற்று வாசலில் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை உங்க பக்கம் கரண்ட் போனப்ப உன் வீட்டுக்காரர் நீல டப்பாவத் தூக்கிட்டு ஓடி வந்தாரே, எங்க ஃப்ரீசர்ல வைக்க. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருந்துச்சு. பத்திரமா இருக்கா?" என்றார்.

கரண்ட் போனபோது நீங்கள் கவனிக்காமல் விட்டு, அந்த டப்பாவில் இருந்தது குளிர் விட்டுக் கெட்டுவிட்டதென்றுதான் மூன்று நாளாக உங்களைக் கரித்துக் கொட்டினேன். பேச விட்டால்தானே சொல்வீர்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: பழத்தை நீங்களே அறுங்கள். ஒரு விதை இருந்தாலும் என்னை மூன்று நாள் திட்டலாம். நான் வாயைத் திறக்க மாட்டேன்.