சுக்குக் கிடங்கில் ஒரு ரெக்கார்டு கம்பெனி

ஜூன் 9

இன்று அண்ணனிடம் சொல்லாதது: போன வாரக் கல்யாணத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டு உச்சத்தில் பாடியபோது, நானும் பிரியாணிக்குத்தான் எழுந்து போனேன்.

"நௌஷி, அன்னைக்கு ஒருத்தராவது முழுசாக் கேட்டாங்களா?" என்றான்.

"கூட்டம் இருந்துச்சே" என்றேன். பொய் இல்லை.

இனிமேல் கல்யாணங்களில் பாடமாட்டானாம். சொந்தமாக ஒரு ரெக்கார்டு கம்பெனி. பெயர் 'ஷானவாஸ் ஆடியோஸ்'. கம்பெனியின் பாடகர்கள்: ஷானவாஸ்.

தமிழில் எழுதுவதில் ஒரு வசதி. அண்ணனுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும்.

ஜூன் 14

ஸ்டூடியோ கிடைத்துவிட்டது. வீட்டுக்குக் கீழே, அத்தாவின் கிடங்கு. நாலு பக்கமும் கூரைவரை சுக்கு மூட்டை. கீபோர்டு வாசிக்கும் பிச்சுமணி சேட்டன் நடுவில் நின்று கைதட்டிப் பார்த்தார். எதிரொலியே இல்லை. "எர்ணாகுளம் ஸ்டூடியோலகூட இப்படிச் சத்தம் அடங்காது மோளே" என்றார். பிறகு ஏழு முறை தும்மினார்.

அத்தாவின் நிபந்தனை ஒன்றுதான். விலை ஏறும்வரை மூட்டை இருக்கும், ஏறினால் போகும்.

"சுக்கு ஏறவா போவுது?" என்றான் அண்ணன்.

அத்தா சாயாவைக் கீழே வைத்துவிட்டார். முப்பது வருடமாக மட்டாஞ்சேரியில் சுக்கு வியாபாரம். அந்தக் கேள்வியை இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஜூலை 2

காலையில் அத்தாவும் அண்ணனும் சேர்ந்து ஒரே போனில் விலை பார்க்கிறார்கள். இறங்கியிருந்தால் அண்ணன் ஒரு ஆப்பம் கூடுதலாகச் சாப்பிடுகிறான். ஏறியிருந்தால் அத்தா. யாருக்காக துஆ செய்கிறாய் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் நல்லது நடக்கணும்னு கேட்டேன். எப்பிடின்னு படைச்சவன் பாத்துக்கட்டும்."

ஜூலை 21

அண்ணனின் முதல் பாட்டு நெட்டில் வெளியானது. நாற்பத்தொரு முறை கேட்கப்பட்டிருக்கிறது. அதில் பதினேழு நான்.

ஆகஸ்ட் 8

கம்பெனி என்றால் வேறு ஆளும் பாட வேண்டும் என்று பிச்சுமணி சேட்டன் பொன்மணியைக் கூட்டிவந்தார். தேனிப் பக்கத்துப் பெண். ஃபோர்ட் கொச்சி ஹோட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். எங்கெங்கே மூச்சு விட வேண்டும் என்று அண்ணன் அவளுக்காக ஒரு பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தான். அவள் ஒரே தடவையில் பாடி முடித்துவிட்டு, "நேரமாச்சுண்ணே, பெட்ஷீட் மாத்தணும்" என்று ஓடிவிட்டாள்.

ஆகஸ்ட் 30

வைப்பின் தீவுக்குப் போகும் படகில் மூன்று போன்களில் பொன்மணியின் பாட்டு!

"நம்ம கம்பெனிப் பாட்டுல்ல!" என்றேன்.

"ரெக்கார்டிங் நல்லா வந்திருக்கு" என்றான் அண்ணன். அக்கரை வரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெருமைக்கும் வலிக்கும் ஒரே முகத்தில் இடம் போதுமா? போதும். பார்த்தேன்.

செப்டம்பர் 17

இஞ்சி வயல்களில் அழுகல் நோயாம். சுக்கு ஏறிவிட்டது. அத்தா கூடுதல் ஆப்பம் சாப்பிடவில்லை. "நாளைக்கு லாரி வருது" என்றார், அண்ணன் முகத்தைப் பார்க்காமல்.

"அத்தா, என் பெரிய பாட்டு இன்னும் எடுக்கல."

"மூணு மாசமா என்னடா செஞ்சே?"

"மனசத் தயார் பண்ணிட்டிருந்தேன்."

"நல்ல மனசு! சுக்குகூட இதுக்குள்ள காஞ்சிருக்கும்டா."

செப்டம்பர் 18

என்ன நாள்!

ஆறு மணியிலிருந்து அண்ணன் பாடுகிறான். தும்மல், மறதி, மறுபடி தும்மல். ஏழு மணிக்கு லாரி. சுமை தூக்குபவர்கள் இடப்பக்கச் சுவரை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "இடது பக்கம் எக்கோ அடிக்குது!" என்று பிச்சுமணி சேட்டன் அலறினார். மிச்ச மூட்டைகளை அண்ணனைச் சுற்றி அடுக்கினோம்: நான், அம்மா, கடைசியில் அத்தாவும். விற்ற சரக்கைத் தன் கையால் மறுபடி அடுக்கினார்! அண்ணனின் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

வாசலுக்குப் போய், "ஒரே ஒரு டேக், சேட்டா" என்று கெஞ்சியது நான். நானா? நான்தான்.

சுமை தூக்குபவர்கள் ஒன்பது பேரும் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஆறு நிமிடம். ஒருவரும் போனைத் தொடவில்லை. அண்ணன் கண்ணை மூடவே இல்லை. அவர்களைப் பார்த்தே பாடினான்.

 முடிந்ததும் அவர்களில் மூத்தவர் துண்டைக் கட்டிக்கொண்டே, "நன்னாயி மோனே. இனி எடுக்கட்டே?" என்றார்.

"எடுத்தோ சேட்டா" என்றான் அண்ணன், மூட்டைகளுக்குள்ளிருந்து.

எல்லாம் போனபின்தான் தெரிந்தது. அத்தா வைத்த மூட்டை ஒன்று மைக் வயரைப் பிடுங்கிவிட்டிருக்கிறது. பிச்சுமணி சேட்டனும் பாட்டில் மூழ்கி லேப்டாப்பைப் பார்க்கவில்லை. ஒரு ஸ்வரம்கூடப் பதிவாகவில்லை.

அத்தாவிடம் யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 3

ஷானவாஸ் ஆடியோஸ் மூடியாகிவிட்டது. கிடங்கை அத்தா வாடகைக்கு விட்டுவிட்டார், இப்போது உள்ளே டைல்ஸ். பொன்மணி தானே போனில் பாடிப் போடுகிறாள். அண்ணன் கல்யாணக் குழுவுக்குத் திரும்பிவிட்டான். போன ஞாயிறு தேவராவில், அந்த மூத்தவரின் மகள் கல்யாணம். அதே பாட்டு வேண்டும் என்று நேரில் வந்து அழைத்திருந்தார். அண்ணன் போய்ப் பாடினான். முடியும்வரை நான் பிரியாணிக்கு எழவில்லை.