கம்பிக்குக் கீழே நீளக் கோல்

கார்ல்ஃபோர்டு,
ட்ரென்ட் ஆற்றங்கரை,
4 அக்டோபர் 1980

அன்புள்ள டெரிக்குக்கு,

கனடாவில் இதற்குள் பனி விழ ஆரம்பித்திருக்கும். நீயும் வெராவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. என் வீட்டுக்காரன், உன் சிநேகிதன் நார்மனின் தோள்பட்டை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. சைக்கிள் தொழிற்சாலையில் வருடக்கணக்காக இயந்திரப் பிடியை இழுத்து இழுத்துத் தேய்ந்த தோள் அது. இனி சரியாகாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

கோடையில் நீ வந்திருந்தபோது, பழைய கண்ணாடியிழைத் தூண்டில் கோலைப் பிடித்துக்கொண்டு அவனால் அரைநாள்கூட உட்கார முடியாததைப் பார்த்தாய். பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு, யாரிடமும் மூச்சுவிடாமல், தூண்டில் கடை பெக்கிடம் புதுக் கோலுக்குப் பணம் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். போன மாதம் பெக் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

போய்ப் பார்த்தால், மேஜைமேல் மூன்று கார்பன் கோல்கள், மூன்றும் கன்னங்கரேல் என்று கிடந்தன. நார்மன் ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு உதறு உதறிவிட்டு நுனியையே பார்த்துக்கொண்டு நின்றான். என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். "ஒதறின உடனே நுனி நிக்கணும் கண்ணு. அது ஆடிக்கிட்டே கெடந்தா தக்கையும் ஆடும். தக்கை ஆடிச்சுன்னா ரோச் மீன் அந்தப் பக்கமே தலைவைக்காது" என்றான். பிறகு கையை நீட்டி, தோள் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தான். அவனுக்குப் பிடித்தது மூன்றிலும் குட்டையானது. ஆனால் பெக் விடவில்லை. "கனடாக்காரரு என்ன சொல்லிட்டுப் போயிருக்காரு தெரியுமா? 'அவன் அடக்கமான ஆளு, சின்னதைத்தான் எடுப்பான். எடுக்க விடாதீங்க. நம்ம ஆத்துக்கு நீளக் கோல்தான் சரி'ன்னாரு." நார்மன் சிரித்துவிட்டான். "கடல் தாண்டிப் போயும் என் தூண்டிலை அவன்தான் பிடிக்கிறான் பாரு!"

நீளக் கோலையே எடுத்து வந்தோம். நீ சொன்னதுதான் சரி, டெரிக். கரையோரப் பாசியைத் தாண்டித் தூண்டில் நரம்பைத் தூக்கிப் பிடிக்கிறான். ஓட்டத்தோடு தக்கை கோடு போட்டதுபோல் போகிறது. சாயங்காலம் தோளைத் தடவிக்கொள்ளாமல் வீட்டுக்கு வருகிறான். சாப்பிடும்போது பேசுகிறான். இதற்கு நான் உனக்கு எப்படி நன்றி சொல்வேன்?

இன்னொரு விஷயமும் எழுத வேண்டும். பழைய புல்வெளிக் கரை வசந்த வெள்ளத்தில் இடிந்து போய்விட்டதல்லவா? தூண்டில் சங்கத்துக்காரர்கள் இப்போது பம்ப் வீட்டுக்குப் பக்கத்து மேட்டில்தான் மீன் பிடிக்கிறார்கள். அந்த மேட்டைத் தாண்டித்தான் பம்ப் வீட்டுக்கு மின்கம்பி போகிறது. வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டலில் மேடு உயர்ந்துவிட்டது. கம்பியோ வெயிலிலும் காற்றிலும் தொய்ந்து கிடக்கிறது. மூடுபனி நாளில் அதற்குக் கீழே நடந்தால் இரைச்சல் கேட்கிறது. கொதிக்கிற பாத்திரத்தை மூடிவைத்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். மேட்டில் மேயும் மாடுகள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை நார்மன் கோலை நிமிர்த்திப் பிடித்தபோது விரலில் ஏதோ சுருக்கென்றதாம். "பெரிய பார்பெல் மீன்தான் தொட்டுப் பாக்குதுன்னு நெனச்சுட்டேன்" என்று அதையும் வேடிக்கையாகச் சொன்னான். பக்கத்து இடத்துக்காரன் சிரில் பான்சர் இருக்கிறானே, அவன் விடுவானா? "ஒனக்கு வயசாகுது நார்மா, நரம்புத் தளர்ச்சி" என்று எல்லார் முன்னாலும் கேலி செய்திருக்கிறான். சங்கத் தலைவரிடம் நான் போய்ச் சொன்னேன். கம்பி அங்கே எந்தக் காலத்திலிருந்தோ இருக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நான் இதையெல்லாம் சொன்னால் நார்மன் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறான். நீ சொன்னால் கேட்பான். மறக்காமல் ஒரு வரி எழுது.

வெராவுக்கு என் அன்பு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் தோழி
தெல்மா ஷிப்லி


கார்ல்ஃபோர்டு,
15 பிப்ரவரி 1981

அன்புள்ள டெரிக்,

இந்தக் கடிதத்தை நான் எழுதுவது நார்மனுக்குத் தெரியாது. அவன் அடுத்த அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். பேனா ஓடும் சத்தம் கேட்டால் தங்கைக்கு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்வேன்.

சிரில் உனக்குத் தந்தி கொடுத்தான். அது கிடைத்தது என்று தெரியும், ஏனென்றால் வெராவிடமிருந்து ஒரு அட்டை வந்தது. அதில் அவள் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. உன்னிடமிருந்து இன்றுவரை ஒன்றும் வரவில்லை. தந்தியில் என்ன பெரிதாக எழுதிவிட முடியும்? நடந்தது இன்னதென்று நான் சொல்கிறேன். நீ நேரில் நின்று பார்த்ததாக நினைத்துக்கொண்டு படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

அக்டோபரில் நான் எழுதியதற்கு நீ உடனே நார்மனுக்குப் பதில் போட்டாய். "தெல்மா பயந்தா ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கோடா, மீனுக்கு ஷாக் அடிக்கட்டும்" என்று எழுதியிருந்தாய். நார்மன் அதைச் சங்கத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அன்றிலிருந்து ரப்பர் பூட்ஸைத்தான் மாட்டிக்கொண்டு போனான். கார்பன் என்றால் கரிதான், கரியில் மின்சாரம் ஓடும் என்பது எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியாது, விற்ற பெக்குக்கும் தெரியாது. உனக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்?

நவம்பரில் சங்கப் போட்டி நடந்தது. காலையிலிருந்தே மூடுபனி. எதிர்க்கரையே தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு என்னவோ போல இருந்தது. போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் புழு டப்பாவைத் தேடிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மதியத்துக்கு மேல் சூடான தேநீரும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். கம்பி அன்றைக்கு இரைந்த மாதிரி என்றைக்கும் இரைந்ததில்லை. முடிவு விசில் அடித்துவிட்டார்கள். எல்லாரும் கோலைக் கணுக்கணுவாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நார்மனின் வலைப்பை நிறைய மீன். சிரிலே தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். எடை போடுபவர் வருவதற்குள் நார்மன் கோலைக் கழற்றாமல் கையில் பிடித்தபடியே மேடேறி வந்தான். என்னைப் பார்த்துவிட்டான். "வா கண்ணு, வந்து பாரு! இன்னைக்கு நான்தான் ராஜா!" என்று கத்தியபடி கொடி தூக்குவதுபோல் கோலை உயரத் தூக்கினான்.

துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நீல வெளிச்சம். பனி முழுக்க ஒரு நொடி நீலமாகிவிட்டது. பிறகு அவன் நின்ற இடத்தில் அவன் இல்லை. தள்ளிப் புல்லில் கிடந்தான். பூட்ஸ் அடியில் ஓட்டை, அதிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

ஓடப் போன என்னைச் சிரில்தான் பிடித்து நிறுத்தினான். "தொடாதீங்க! அந்தக் கோல் கம்பியில இருக்கான்னு பாக்கறேன், தொடாதீங்க!" அது துண்டு துண்டாகப் போயிருந்தது. பிறகு அவன் மண்டியிட்டு உட்கார்ந்து நார்மனின் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தான். அழுத்திக்கொண்டே, "எந்திரி நார்மா, ஒனக்கு நரம்புத் தளர்ச்சி இல்லடா, நான் சொன்னது பொய்டா, எந்திரி" என்று குழந்தை மாதிரி அழுதான். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவே இல்லை. அவன் விட்டிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

உயிர் பிழைத்துக்கொண்டான். வலது கையில் கட்டை விரலையும் பக்கத்து விரலையும் மட்டும் காப்பாற்ற முடிந்தது. கால் புண் ஆறிவிட்டது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். மின்சாரக்காரர்கள் வந்து கம்பியை உயரத் தூக்கிக் கட்டிவிட்டுப் போனார்கள். பெக் தன் கடையிலிருந்த கருப்புக் கோல்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒன்று சொல்கிறேன், உனக்கு மட்டும். அவன் என்னைப் பார்த்துத்தான் கோலைத் தூக்கினான். நான் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகப் புறப்பட்டிருந்தால் எடை போட்டுவிட்டுக் கோலைக் கழற்றியிருப்பான். இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. படுக்கும்போதெல்லாம் இதே நினைப்பு. நீயும் அங்கே இப்படித்தான் படுத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

இனி எழுதப்போவதுதான் நான் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் நார்மன் தினமும் தபால் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கிப் பார்ப்பான். "டெரிக் எழுதலையா?" என்று கேட்பான். கனடாவில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் என்று சொல்லி வைத்தேன். புது வருடத்துக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். ஒருநாள் மட்டும், "என் மூஞ்சியில முழிக்கக் கூச்சப்படறான் போல. நான் செத்திருந்தா அவனுக்குச் சுலபமா இருந்திருக்கும்" என்றான். குரலில் கோபமே இல்லை, டெரிக். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு சாமான்களைக் கொடுக்க ஆரம்பித்தான். தக்கைப் பெட்டி முழுவதையும் சிரிலிடம் கொடுத்துவிட்டான். இனி பிடிக்க முடியாது, அதனால் கொடுக்கிறான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவன் அப்பாவின் கைக்கடிகாரத்தை என் தங்கை மகனுக்குக் கொடுத்தான். நல்ல கோட்டைத் தேவாலயத்து உதவிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான். நேற்று முன்தினம் உட்கார்ந்து, வீட்டுத் தண்ணீர்க் குழாயை எங்கே அடைக்க வேண்டும், அடுப்புக்குக் கரி யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். அன்பாகத்தான் சொன்னான்.

ஆறு இப்போது நிறைந்து ஓடுகிறது. பழுப்புத் தண்ணீர், மரம் மட்டையெல்லாம் அடித்துக்கொண்டு போகிறது. சாயங்காலமானால் கோட்டு போடாமல் கரைக்குப் போய் நிற்கிறான். நானும் பின்னாலேயே போகிறேன். எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சிரிலும் நாயைக் கூட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நடக்கிறான்.

நேற்று நார்மன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டான்: "இந்த எடத்துல எவ்வளவு ஆழம் இருக்கும்னு நெனைக்கிற?"

தக்கையில் ஈயக் குண்டு கட்டி இந்த ஆற்றின் ஒவ்வொரு மூலையையும் அளந்து வைத்திருப்பவன் அவன். கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்வான். என்னிடம் எதற்குக் கேட்கிறான்? கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அந்த இரண்டு விரலும் என் கைக்குள் ஐஸாக இருந்தன.

டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பாதிரியாரும் வருகிறார். ஆனால் அவன் எதிர்பார்க்கிற ஆள் இவர்களில் யாரும் இல்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்தக் கோலைப் பற்றிப் பேசவே வேண்டாம். போன வாரம் வீட்டில் தொலைபேசி வைத்துவிட்டேன். உன் எண் என்னிடம் இல்லை. இந்தத் தாளின் பின்பக்கம் எண் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் கூப்பிடு. எந்த நேரமானாலும் சரி. பேச வார்த்தை வராவிட்டால் சும்மா பிடித்துக்கொண்டிரு. மறுமுனையில் இருப்பது நீ என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

அவன் நாற்காலியை ஜன்னலோரத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டிருக்கிறேன். காலையிலிருந்து ஏதேதோ வேலை சொல்லி, அவனை அங்கேயே உட்கார வைத்திருக்கிறேன். இன்று முடிந்தது. நாளைக்கும் முடியும். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

கடவுள் உன் வீட்டையும் என் வீட்டையும் சேர்த்தே காக்கட்டும். சீக்கிரம், டெரிக்.

தெல்மா